கும்பம் பத்தும் மாசி பத்தும்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்க்கிள் ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பழைய அலமாரியைக் காலி செய்கிறார்கள், அதில் "திருவிதாங்கூர்க் கடிதங்கள்" என்று என் கையெழுத்தில் ஒட்டியிருந்த தட்டை என்ன செய்வது என்று தெரியவில்லையாம். சமஸ்தானம்தான் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதே, இனி அந்தக் காகிதங்கள் எதற்கு? கட்டுக்களை அவிழ்த்துக்கொண்டிருந்த புதுக் குமாஸ்தா, "மலைக்கு அங்கிட்டு ஒருத்தன் தாண்டிட்டான்னா, நீங்கள்லாம் லெட்டர் எழுதிட்டுக் காத்துக் கெடப்பீங்களாமே, நெசமா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். நிஜம்தான் என்றேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான் என்றும் சொன்னேன். பிறகு ஒரு கட்டை எடுத்துப் பிரித்து, ஒரு சமையல்காரரின் கதையைச் சொன்னேன். அங்கே அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது செங்கோட்டை. தமிழ் பேசும் ஊர், ஆனால் சமஸ்தானத்து ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தெருவில் இரண்டும். படிப்பை முடித்து, மதுரையில் டைப் அடிக்கப் பழகி, இந்தப் பக்கத்துப் போலீஸ் இலாகாவில் குமாஸ்தாவாக நுழைந்தேன். மூன்று வருஷம் விருதுநகரில் காகிதம் தைத்தேன். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல, விரலில் ஊசி ஏறியதைத் தவிர ஒன்றுமில்லை. மனுவின் ஒரு மூலையில் "மலையாளம் வாசிக்க எழுதத் தெரியும்" என்று நான் எழுதியிருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் பார்த்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றினார். எல்லாரும் என்னை ரைட்டர் என்பார்கள். சீருடை கிடையாது, லத்தி கிடையாது. வேட்டி, சட்டை, மைக்கூடு, அவ்வளவுதான் என் ஆயுதம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். அதன் உச்சியில் ஓடுகிற வரப்பு மாதிரியான முகடுதான் அப்போது எல்லை. அங்கங்கே கல் நட்டிருக்கும். முகட்டில் பெய்த மழை கிழக்கே வடிந்தால் வெள்ளைக்காரச் சர்க்கார், மேற்கே வடிந்தால் திருவிதாங்கூர். இரண்டும் நேச அரசுகள். கடிதம் எழுதும்போது "நட்புறவுள்ள சமஸ்தானத்துக்கு" என்று ஆரம்பிக்காவிட்டால் மேலேயிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த நட்புறவுக்கு நடுவே குடியிருந்தவன் கொம்பன். எருமைக் கொம்பை ஊதித் தன் ஆட்களைக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பன்னிரண்டு பேர், நாலைந்து துப்பாக்கி. மலைவழியாக ஏலக்காய் சுமப்பவர்கள் அவனிடம் ஓலைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். "ரெண்டு ராசாவுக்கும் நடுவில நான் மூணாவது ராசா" என்று சொல்லிக்கொள்வான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சீட்டைப் பற்றி விசாரிக்கப் போன காட்டுக் காவலர் இரண்டு பேரை, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், சுட்டுப் போட்டிருந்தார்கள். நாம் விரட்டினால் மேற்கே இறங்குவான். அவர்கள் விரட்டினால் கிழக்கே இறங்குவான். துப்பாக்கியோடு போலீஸ்காரர் ஒருவர் கல்லைத் தாண்டி ஓரடி வைத்தாலும் அது ஒரு ராஜ்யத்துக்குள் இன்னொரு ராஜ்யம் நுழைந்த கணக்கு. அதற்கு விளக்கம் எழுத எங்கள் ஆபீசில் இருந்த மை போதாது.

முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். எங்கள் இன்ஸ்பெக்டர் ஜில்லா மேலதிகாரிக்கு எழுதுவார். அவர் கலெக்டருக்கு. கலெக்டர் சென்னைக்கு. சென்னையிலிருந்து, இரண்டு அரசுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் துரை ஒருவருக்கு. அவரிடமிருந்து சமஸ்தானத்துத் தலைநகருக்கு. அங்கிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு. நடந்தே போனால் ஒரு பகலில் அவரைப் பார்த்துவிடலாம். கடிதம் போக இரண்டு மாதம், வர இரண்டு மாதம்.

அந்த வருஷம் தை மாதம், ஒரு வேட்டைத் துரைக்குச் சமைப்பதற்காகக் காட்டு பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஞானமுத்துவைக் கொம்பனின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஞானமுத்து இராஜபாளையத்துச் சமையல்காரர். கிறிஸ்தவர். கிறிஸ்தவக் கோயிலில் எல்லாருக்கும் சோறு போடும் அசனமானாலும் ராஜுக்கள் வீட்டு விருந்தானாலும் கறிச்சோறு என்றால் அவரைத்தான் தேடுவார்கள். என் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தும் அவர் கைதான். கொம்பனுக்கு அவரைக் கொன்று ஆகப்போவது ஒன்றுமில்லை. வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் சுடுகிற இடத்தில் கரண்டியோடு ஒருவர் நிற்கிறார் என்பது வேடிக்கை இல்லை. தப்பி ஓடினால் கொம்பன் சுடுவான். ஓடாமல் நின்றால் போலீஸ் குண்டு அவர் யார் என்று கேட்கப் போவதில்லை.

அவர் மனைவி ரத்தினம் மறுநாளே இராஜபாளையத்திலிருந்து ரயிலேறி எங்கள் ஆபீசுக்கு வந்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்தார். அழமாட்டார், கத்தமாட்டார். படியில் உட்கார்ந்து, நான் வந்ததும் எழுந்திருப்பார்.

"ரைட்டரய்யா, கடுதாசி எம்புட்டுத் தூரம் போயிருக்கு?"

"கலெக்டர் ஆபீசுல இருக்கும்மா."

"நேத்தும் அங்கதான இருந்துச்சு?"

"கலெக்டர் கேம்ப் போயிருக்கார்."

"அவிய வந்த பொறவு மெட்ராசு. அதுக்குப் பொறவு நடு துரை. சரிய்யா, நாளைக்கு வாரேன்."

பத்து நாளில் அந்த அம்மாள் இலாகா நடைமுறையை என்னைவிடச் சுத்தமாக மனப்பாடம் செய்துவிட்டார். காசிக்குப் போன சொந்தக்காரரை விசாரிப்பது போல அந்தக் கடிதத்தை விசாரிப்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும்.

அப்போது எங்கள் இன்ஸ்பெக்டராக இருந்தவர் சாமுவேல். பாளையங்கோட்டைக்காரர், ஆறடி உயரம், குரல் மட்டும் மெதுவாக இருக்கும். எந்தக் கடிதத்தையும் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். முதல் தடவை விஷயத்துக்காக. அப்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை மரியாதைக்காக. ஒரு "கனம்" குறைந்திருந்தாலும் விரலைத் தூக்குவார். மூன்றாவது தடவை முடிந்ததும் என்னைப் பார்த்து, "இதுல நமக்குத் தெரியாதது என்னவே ரைட்டர்?" என்று கேட்பார். எதையாவது சொல்ல வேண்டும். "இந்த ஊர் எங்க இருக்குன்னு தெரியல" என்றோ, "இந்த ஆள் பெயர் சரிதானான்னு தெரியல" என்றோ. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்து. எனக்கு அது பெரிய தொல்லையாக இருக்கும்.

ரத்தினம் வரத் தொடங்கிப் பன்னிரண்டாவது நாளோ என்னவோ, சாமுவேல் படியிறங்கும்போது அவரைப் பார்த்து நின்றார். பிறகு உள்ளே திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"வே, அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டர் ஆளு எப்படி?"

"நாராயணக் குறுப்புன்னு பேருய்யா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"கையெழுத்தக் கேக்கல. சரி, எழுதும். முத்திரை வேண்டாம், நம்பர் வேண்டாம். ஒரு மனுசன் இன்னொரு மனுசனுக்கு எழுதுற மாதிரி எழுதும்."

இப்படித்தான் இரண்டு அரசுகளின் நட்புறவு எங்கள் அண்ணன் வீட்டு வழியாக ஓட ஆரம்பித்தது. சமஸ்தானத்தில் தபால் இலாகாவே தனி. அதனால் நான் மலையாளத்தில் எழுதிச் செங்கோட்டையில் இருக்கும் அண்ணனுக்கு அந்த ஊர்வரை போகும் நம் தபாலில் போடுவேன். அவர் அதை எடுத்து அங்கத்து அஞ்சலில் போடுவார். குறுப்பின் பதிலும் அதே வழியில் திரும்பும். மொத்தம் ஆறு நாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியாமல், "ஏலே, யாரு அந்தக் குறுப்பு? பொண்ணு கிண்ணு பாக்குறியா? ஒனக்குத்தான் கல்யாணம் ஆயிட்டே" என்று ஒரு கார்டு எழுதினார்.

நாலு கடிதத்தில் காரியம் முடிவானது. கொம்பன் அப்போது முகட்டுக்குக் கிழக்கே, நம் சரிவில், ஆனைக்கல் என்ற பாறைக்கு அடியில் தங்கியிருப்பதாகத் துப்பு. நாங்கள் கிழக்கிலிருந்து ஏறி மூடுவது. அவன் வழக்கம் போல மேற்கே ஓடுவான். அங்கே குறுப்பு தயாராக நிற்பார். யாரும் கல்லைத் தாண்ட வேண்டாம். "கும்பம் பத்தாம் தேதி உதயத்துக்கு எங்கள் ஆட்கள் மேற்குச் சரிவில் இருப்பார்கள்" என்று எழுதியிருந்தார் குறுப்பு.

மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும் சாமுவேல் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எனக்கு அன்று உற்சாகம். "ஒண்ணுமே இல்லைய்யா. எல்லாம் தெளிவா இருக்கு" என்றேன். கும்பம் என்றால் மாசி. செங்கோட்டையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் மாசி பத்தைப் பார்த்து, அதற்கு நேரான இங்கிலீஷ் தேதியை எழுதிக் கொடுத்தேன். "சம்மதம், கும்பம் பத்து" என்று குறுப்புக்கும் எழுதினேன்.

மாசி ஒன்பது மதியம் பதினான்கு போலீஸ்காரர்கள், சாமுவேல், மொழிபெயர்ப்புக்கு நான், வழிகாட்ட மலைவாசியான பளியர் ஒருவர் என்று செண்பகத்தோப்பு வழியாக ஏறினோம். விடியும்போது ஆனைக்கல்லைச் சுற்றி வளைத்துவிட்டோம். பாறைக்கு அடியில் யாரும் இல்லை. ஆறிப்போன சாம்பலும், உரித்துப் போட்ட வெங்காயத் தோலும்தான் இருந்தன. மேற்கே குறுப்பின் ஆட்களும் இல்லை. அவர்கள் காட்டுவதாகச் சொன்ன வெள்ளைத் துணியும் இல்லை. முகட்டுக் கல்லின் அருகே புதருக்குள் படுத்துக்கொண்டு பார்த்தோம். காற்றுதான் அடித்தது.

வெயில் ஏறிய நேரம், கிழக்கேயிருந்து ஒரு சுமைகாரர் மூட்டையோடு வந்தார். போலீஸ்காரர்கள் அவரைப் புதருக்குள் இழுத்தார்கள். பெயர் வர்க்கி, மேற்குச் சரிவுக்காரர், இராஜபாளையத்தில் ஏலக்காயை இறக்கிவிட்டுத் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பயத்தில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் மலையாளத்தில் பேசியதும் கொஞ்சம் தெளிந்து, தன்னைச் சீக்கிரம் விட்டுவிடும்படி கெஞ்சினார்.

"நாளெ என்றெ மகள்க்கு நிச்சயமாணு சாரே. நாளெ கும்பம் பத்தல்லே."

மகளுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தமாம். நாளைக்குத்தான் கும்பம் பத்து. அப்படியானால் நாங்கள் ஒரு நாள் முன்னால் வந்து படுத்திருக்கிறோம்.

வாசகர்களுக்கு இதை விளக்கிவிடுகிறேன். நமக்கும் மலையாளத்தாருக்கும் சூரியன் ராசி மாறுவதுதான் மாதப் பிறப்பு. ஆனால் நமக்கு அஸ்தமனத்துக்கு முன்னால் எப்போது மாறினாலும் அன்றைக்கே ஒன்றாம் தேதி. அவர்களுக்கு மத்தியானம் தாண்டிக் கொஞ்ச நேரத்துக்குள் மாறியிருக்க வேண்டும். அதற்கு மேல் சாயங்காலமாக மாறினால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒத்துப்போகும். அதனால் நம் ஆட்கள் இதை மறந்தேவிடுவோம். அந்த மாசி சாயங்காலம் பிறந்த மாசி. எனக்கு இது தெரியும். செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பொங்கலும் மலையாளத்து அண்டை வீட்டு மகரப் பிறப்பும் ஒரு வருஷம் அடுத்தடுத்த நாளில் வந்து, இரண்டு நாளும் பாயசம் குடித்தவன் நான். குடித்ததுதான் ஞாபகம் இருந்தது.

ஊர்ந்து போய்ச் சாமுவேலிடம் சொன்னேன். அவர் பையிலிருந்த அவலை ஒரு பிடி எடுத்து மென்றுகொண்டே கேட்டார்.

"மாசம் ரெண்டு பக்கமும் வேற வேற நாள் பொறக்குமாவே?"

"எப்பவாச்சும் அப்படி வரும்யா."

"உமக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்யா."

இன்னொரு பிடி அவல். "ஏசுறத ஸ்ரீவில்லிபுத்தூர் போயி வச்சுக்கிடுவோம். இப்போ ஒரு நாள் கூடுதலா கெடச்சிருக்கு. அத வச்சு என்ன செய்யலாம், அதச் சொல்லும்."

நான் பதில் சொல்வதற்குள் முத்தையா என்ற போலீஸ்காரர் எங்கள் பக்கம் தலையைத் திருப்பி மூக்கை உயர்த்தினார். மேற்கேயிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"ஐயா, கறி வாசம்."

எல்லாரும் மோந்து பார்த்தோம். முந்தின நாள் மதியத்திலிருந்து அவலும் வெல்லமும் தின்றுகொண்டிருந்த வயிறுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

"இது ஞானமுத்தண்ணன் கறி" என்றார் முத்தையா. "கோயில் அசனத்துல மூணு வருசம் தின்னுருக்கேன். மல்லிய இந்தப் பதத்துக்கு வேற எவனும் வறுக்க மாட்டான்."

வாசம் வந்த திசையில் உற்றுப் பார்த்தபோது, எல்லைக் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேற்குச் சரிவில் மரங்களுக்கு நடுவே மெல்லிய புகை தெரிந்தது. துப்புச் சொன்னவன் சொன்ன இடம் பழசு. கொம்பன் எல்லையைத் தாண்டிக் குடிபோய்விட்டான். குறுப்போ சரிவின் அடியில், ஆனைக்கல்லைக் குறிவைத்து நாளைக்கு வரப்போகிறார். வருகிற வழியில் இந்தக் கூட்டத்தின் மேலேயே தெரியாமல் வந்து மோதுவார். எதிரில் நிற்கிற எல்லாரையும் சுடுவார்கள். அதில் ஞானமுத்துவும் ஒருவர்.

குறுப்புக்கு இதைச் சொல்லியாக வேண்டும். போலீஸ்காரர் யாரும் கல்லைத் தாண்டக் கூடாது. சாமுவேல் என் வேட்டியைப் பார்த்தார். நானும் என் வேட்டியைப் பார்த்தேன்.

"நீரு பொறந்தது அந்த ராஜ்யம்தானவே?"

"ஆமாய்யா."

"சொந்த ஊருக்குப் போறவன எவன் கேக்கப் போறான்? பயமா இருந்தா இருக்கட்டும், போக வேண்டாம். உம்ம வேலை இது இல்ல."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் போனால் படியில் ரத்தினம் உட்கார்ந்திருப்பார். கடிதம் எம்புட்டுத் தூரம் போயிருக்கு என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இனி என்னால் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. வர்க்கியின் மூட்டையில் பாதியைப் பிரித்து என் தலையில் வைத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.

நூறு அடி இறங்கியதுமே ஒருவன் துப்பாக்கியோடு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். வர்க்கி ஓலைச் சீட்டை நீட்டினார். "இவன் யாரு?" என்றான் என்னைக் காட்டி. வர்க்கி கொஞ்சமும் தடுமாறாமல், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, நிச்சயத்துக்கு வருகிறார் என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பயத்தில் பேச்சே வராத மனிதர் அவர். மகள் கல்யாணம் என்றதும் எங்கிருந்துதான் அத்தனை தைரியம் வந்ததோ.

பாறைக்கு அடியில் மூன்று கல் அடுப்பு. அதன் முன்னால் ஞானமுத்து. தொப்பை கரைந்திருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. என் கல்யாண விருந்தில், கறிக்குழம்பில் காரம் கம்மி என்று சொன்ன என் மாமாவோடு சண்டை போட்டவர், என்னை மறப்பாரா? ஒரு வார்த்தை வாய் தவறினால் நான் அங்கேயே முடிந்தேன். அவர் குனிந்து கறியைக் கிண்டினார்.

"அந்தச் சுமைக்காரங்ககிட்ட மல்லி இருக்கான்னு கேளு. இன்னைக்கோட தீந்துச்சு" என்றார் காவல்காரனிடம், சலிப்பாக.

"இல்லண்ணே" என்றேன் நான். "மாப்பிள்ள வீட்டாளுகளக் கூட்டியார, நாளைக்கு விடிய இந்த வழியாத்தான் திரும்புவேன். கொண்டாரேன்."

"விடியவா? விடிய நான் ஊத்துல தண்ணி மோந்துக்கிட்டு இருப்பேன்." கரண்டியால் எல்லைக் கல்லின் பக்கம் காட்டினார். "அங்க வந்து குடுத்துட்டுப் போரும். இங்க வந்தா இவனுக ஆளுக்கு ஒரு பிடி அள்ளிருவானுக."

நான் தலையை ஆட்டினேன். வர்க்கியோடு சரிவில் இறங்கினேன். சரிவின் அடியில் குறுப்பின் முகாமைப் பார்த்ததும் மூட்டையை அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

நாராயணக் குறுப்பு ஒல்லியான மனிதர், வெற்றிலைப் பிரியர். முழுக் கதையையும் கேட்டார். தேதி விஷயத்தைச் சொன்னபோது மட்டும் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "எங்ஙளுடெ மாசம் கொறச்சு மெல்லெயாணு ஜனிக்குந்நது" என்றார். எங்கள் மாதம் கொஞ்சம் நிதானமாகத்தான் பிறக்கும் என்று அர்த்தம். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுத் தன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, சிலுவை போட்ட வழுக்கைத் தலைக்காரர் மேல் ஒரு குண்டும் படக் கூடாது, அவர் ஊற்றருகே இருப்பார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்ல வைத்துக் கேட்டார்.

மறுநாள் உதயத்தில் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. குறுப்பு மேற்கேயிருந்து ஏறினார். கொம்பு முழங்கியது, நாலைந்து வெடி கேட்டது. குறுப்பின் ஆள் ஒருவருக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கை பழையபடி உயரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டு வருந்தினேன். எட்டுப் பேர் அங்கேயே பிடிபட்டார்கள். கொம்பனும் மூன்று பேரும் வழக்கம் போல அடுத்த ராஜ்யத்துக்கு ஓடினார்கள். கல்லைத் தாண்டினால், அங்கே எங்கள் சாமுவேல் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் புதரிலிருந்து எழுந்து நாலு பேரையும் பிடித்தார்கள். இரண்டு ராஜ்யமும் ஒரே நேரத்தில் காத்திருக்கும் என்பதைக் கொம்பன் அதுவரை யோசித்திருக்கவே மாட்டான்.

ஞானமுத்து ஊற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பானையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். காயம் ஏதுமில்லை. நான் போய்த் தொட்டதும், "மல்லி எங்க?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. அந்த ஊற்று எல்லைக் கல்லுக்குப் பன்னிரண்டு அடி மேற்கே. சமஸ்தானத்து மண்ணில், கூட்டத்தோடு பிடிபட்டவர் அங்கத்துக் கைதி. குறுப்பு அவரைத் தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும். நாம் அவரைக் கேட்டு எழுத வேண்டும். கலெக்டர், சென்னை, நடு துரை, எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. ஞானமுத்துவுக்கு இதை நான் விளக்கியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்புட்டு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு இன்ஸ்பெக்டர்களும் அன்றுதான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் குறுப்பு, இந்தப் பக்கம் சாமுவேல். கல்லுக்கு மேலாகக் கை கொடுத்துக்கொண்டார்கள். ஞானமுத்துவைத் தரும்படி சாமுவேல் கேட்கவில்லை. கேட்டால் குறுப்பு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

குறுப்பு ஊற்றின் அருகே போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஈ வெள்ளம் கொள்ளில்லா" என்றார். இந்தத் தண்ணீர் சரியில்லையாம். நான் முந்தின நாள் குடித்த தண்ணீர் அது, இளநீர் மாதிரி இருந்தது. "என்றெ ஆள்க்காருக்கு விசக்குந்நு. இயாள் கிழக்கே போய் நல்ல வெள்ளம் எடுத்து எல்லாவர்க்கும் சோறு வெக்கட்டே. அது கழிஞ்ஞு மகஜர் எழுதாம்."

தன் ஆட்களுக்குப் பசிக்கிறது, இந்த ஆள் கிழக்கே போய் நல்ல தண்ணீர் எடுத்து எல்லாருக்கும் சமைக்கட்டும், யார் யார் எங்கே பிடிபட்டார்கள் என்கிற மகஜரை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "நல்ல யோசனை" என்றார்.

ஞானமுத்து பானையோடு கல்லைத் தாண்டினார். கொம்பனின் அரிசியும் கொம்பனின் ஆட்டுக்கறியும். மல்லி இல்லாமல் வைத்த குழம்பு என்று அவர் கடைசிவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பரிமாறினார். இரண்டு அரசுகளின் போலீசும் எல்லைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு குறுப்பு தன் மகஜரை எழுதினார். மேற்குச் சரிவில் பிடிபட்டவர்கள் எட்டுப் பேர் என்றும், அவர்களைத் தவிர அங்கே வேறு எவரும் காணப்படவில்லை என்றும் முத்து முத்தாக எழுதிக் கையெழுத்திட்டார். அந்த வேளையில் உண்மையிலேயே அங்கே வேறு எவரும் இல்லை. கொம்பனைப் பற்றி இரண்டு அரசுகளும் முறைப்படி எழுதிக்கொள்ளத் தொடங்கி, அது ஒரு வருஷம் ஓடியது தனிக் கதை.

மலையிலிருந்து இறங்கியதும் சாமுவேல் சொன்னபடியே ஏசினார். மெதுவான குரலில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த வருஷத்தின் மீதி மாதங்களும் அடுத்த வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களும் இரு பக்கமும் எந்த நாளில் பிறக்கின்றன என்று இரண்டு பஞ்சாங்கம் வைத்து எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். என்னைப் பற்றி மேலே அவர் ஒரு வரியும் எழுதவில்லை. "ஒரு நாள் முன்னதாகச் சென்று இடத்தை நோட்டமிட்டதில்" என்றுதான் அறிக்கை இருந்தது. அதை டைப் அடித்தவன் நான்தான்.

மறுநாள் காலை ரத்தினம் வழக்கம் போல வந்தார். ஞானமுத்து முந்தின இரவை எங்கள் ஆபீசிலேயே கழித்திருந்தார். வாக்குமூலம் முடியாமல் அனுப்பக் கூடாது என்பது விதி. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை ரத்தினம் படியிலிருந்தே பார்த்துவிட்டார். ஓடி வரவில்லை. மெதுவாக ஏறி வந்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

மீட்கப்பட்டவரை ஒப்படைக்கும்போது உறவினரிடம் ரசீது வாங்க வேண்டும். அதுவும் விதிதான். காணாமல் போன மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே படிவம். நான் அதைப் பார்த்துக் கையால் எழுதி நீட்டினேன். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எழுத்துக்கூட்டாமலே வாசித்தார்.

"'சேதமின்றிப் பெற்றுக்கொண்டேன்'. இது எப்படிய்யா? பாதி ஆளத்தான குடுக்கிய. தொப்பையக் காணமே."

எல்லாரும் சிரித்தோம். ஞானமுத்துவும் சிரித்தார். ரத்தினமும் சிரித்துக்கொண்டேதான் பேனாவை வாங்கினார். காகிதத்தில் வைத்தார். எழுத வரவில்லை. அத்தனை நாளும் எங்கள் படியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தவர், பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, மேஜைமேல் தலையை வைத்து அழுதார். வெகுநேரம் அழுதார். ஞானமுத்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையில் கையை வைத்தபடி.

சாமுவேல் வந்து, அவர் தலைக்கு அடியிலிருந்து காகிதத்தை மெதுவாக உருவி என்னிடம் கொடுத்தார். மை அழிந்து, சேதமின்றி என்ற சொல் இருந்த இடமே தெரியவில்லை.

"இது போதும்வே. கட்டில வையும்" என்றார்.

என் உத்தியோக காலத்தில் கையெழுத்து இல்லாமல் நான் கட்டில் வைத்த காகிதம் அது ஒன்றுதான்.